ஃபெஸ் நகரில் ஒரு நாள்: சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்திக்கு,

மொராக்கோ போகும்போது ஃபெஸ் நகரத்துக்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பதாகச் சித்தப்பா சொன்னார். பழைய நகரத்தை நடந்தே பார்க்கப் போகிறீர்கள் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கார் நுழையாத சந்துகள் அவை. சாமான்கள் கழுதை முதுகிலும் கைவண்டியிலும்தான் போகும். பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் கேட்டால் யோசிக்காமல் சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள்.

பாப் பூ ஜலூத் வாசலில் தொடங்குங்கள். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. 1913இல் கட்டியதுதான், ஊரோ எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உண்டானது. அங்கிருந்து தலா கெபீரா தெரு இறங்கிக்கொண்டே போகும். உங்கள் முழங்காலுக்கு ஏறுவதுதானே கஷ்டம், அதனால் இந்தத் திசையில்தான் போக வேண்டும். கீழே ர்ஸீஃப் சதுக்கத்தில் சிவப்பு டாக்ஸி பிடித்துத் திரும்பி வந்துவிடலாம். வழி தப்பினாலும் சரிவைப் பிடித்து இறங்குங்கள், அந்தப் பக்கம்தான் வந்து சேருவீர்கள். "இந்த வழி அடைத்திருக்கிறது, நான் காட்டுகிறேன்" என்று பையன்கள் கூப்பிட்டால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பூ இனானியா மதரஸா. மரீனிய அரச வம்சத்துச் சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. முற்றத்தில் நின்று ஒரே ஒரு சுவரை மட்டும் கீழிருந்து மேலாகப் பாருங்கள் சித்தி. கீழே சின்னச் சின்னதாகக் கையால் வெட்டிப் பதித்த வண்ண ஓடுகள். அதற்கு மேலே சுதையில் செதுக்கிய பூவேலையும் எழுத்தும். உச்சியில் தேவதாரு மரம். ஆட்கள் சாய்ந்து உரசுகிற உயரத்தில் கெட்டியான ஓடு, கைக்கு எட்டாத இடத்தில் நொறுங்கக்கூடிய சுதை. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த யோசனையை நினைத்துத்தான் நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கரவிய்யீன் பள்ளிவாசலில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. திறந்திருக்கும் கதவருகே நின்று முற்றத்தையும் நீரூற்றையும் பார்க்கலாம். துனிசியாவின் கைரவானிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி, தனக்கு வந்த சொத்தைக் கொண்டு 859இல் தொடங்கியது இது என்பது மரபு. பள்ளிவாசலோடு சேர்ந்தே ஒரு கல்விக்கூடமும் வளர்ந்தது; இன்றைக்கும் நடக்கிற பல்கலைக்கழகங்களில் உலகிலேயே பழையது என்று யுனெஸ்கோ அதைத்தான் சொல்கிறது. இதன் நூலகத்தைச் சமீபத்தில் புதுப்பித்ததும் ஒரு பெண்தான்: இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவூனி. வாழ்நாள் முழுக்க நூலகத்தில் வேலை பார்த்த உங்களுக்கு இதைச் சொல்லாமல் எப்படி விடுவேன்?

நூலகத்தை ஒட்டித்தான் ஸெஃபாரின் சதுக்கம். செம்பு அண்டாக்களைத் தட்டும் சத்தம் முன்கூட்டியே காதில் விழும். அங்கே உட்கார்ந்து ஒரு புதினா டீ குடியுங்கள். அந்தப் பெரிய அண்டாக்கள் காட்சிக்கு வைத்தவை அல்ல, கல்யாண வீட்டில் சமைக்க. எனக்கு ஃபெஸ் பிடித்துப்போனதே இதனால்தான். ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் நடுவில் புகுந்து போகிறோம்.

ஷுவாரா தோல் பதனிடும் இடமும் அப்படித்தான். பக்கத்துத் தோல் கடைகளின் மாடியிலிருந்து பார்க்க வேண்டும். வாசலில் ஒரு கொத்துப் புதினா தருவார்கள், மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த வெள்ளைத் தொட்டிகளில் தோலை ஊறவைத்து இளக்கி, அப்புறம் சாயத் தொட்டிகளில் இறங்கி மிதிக்கிறார்கள். வெயிலில் தொடை வரை நனைந்து நிற்கிற அந்த ஆட்களை நெருக்கத்தில் படம் எடுக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

மத்தியானம் கனமாகச் சாப்பிட வேண்டாம். காய்ந்த மொச்சை வகையை வேகவைத்துக் கடைந்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் பிஸாரா சூப்பும் ரொட்டியும் போதும், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். தொழுகை நாள், பாதிக் கடைகள் மூடியிருக்கும், அண்டா தட்டுகிற சத்தமும் கேட்காது. டிக்கெட் போடுவதற்கு முன் சித்தப்பாவிடம் சொல்லித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்