சேரா ஸ்டோரியின் சைக்கிளையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் பிரிட்டனின் பாராலிம்பிக் சைக்கிள் வீராங்கனை சேரா ஸ்டோரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் "ஒரு கை இல்லாவிட்டால் என்ன, தன்னம்பிக்கை போதுமே" என்று முடித்தது மனத்தை உறுத்துகிறது.

1992இல் பார்சிலோனாவில் நீச்சலில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 14. 2005இல் காதில் கிருமித்தொற்று வந்து நீச்சல் தடைபடவே சைக்கிளுக்கு மாறினார். 2024 பாரிஸ் வரை ஒன்பது பாராலிம்பிக், 19 தங்கம். அவற்றில் 14 சைக்கிளில் வந்தவை. இவ்வளவு உழைப்பும் அந்தப் 'போதுமே'யில் காணாமல் போய்விட்டது.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சைக்கிள் பூட்டிக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கை இல்லாதவருக்கு இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் இணைக்க வேண்டும். பின் பிரேக் இம்மியளவு முந்திப் பிடிக்கும்படி கேபிளை இழுத்து வைக்க வேண்டும். பினாங்கின் பாலேக் பூலாவ் இறக்கத்தில் முன் பிரேக் முந்தினால், உடலைத் தாங்க மறுகை இல்லாதவர் ஹேண்டலைத் தாண்டிப் போய் விழுவார். ஹேண்டலில் குறைகையைத் தாங்கும் கிண்ணம் பாதி திறந்தே இருக்க வேண்டும்; மூடியிருந்தால் விழும்போது கை சிக்கிக்கொள்ளும். ஒரே பக்கம் இழுபடுவதால் ஹேண்டலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் தளரும், அதையும் அடிக்கடி முடுக்கிப் பார்க்க வேண்டும். முழங்கால் சரியாக மடங்காதவருக்குக் பெடல் தண்டான கிராங்கை 172.5 மில்லிமீட்டரிலிருந்து 165க்குக் குறைத்தால், சீட்டை அதே 7.5 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். மறந்தால் பாதிப் பயன் போயிற்று.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. பாராலிம்பிக்கும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்கும் வேறு வேறு என்பதும் தங்களுக்குத் தெரியும். இருந்தும் தங்கள் பக்கங்களில் இரண்டும் பலமுறை ஒன்றாகிவிடுகின்றன. 2016 ரியோ பாராலிம்பிக்கில் நம் மலேசியர் மூவர் தங்கம் வென்றார்களே, அவர்கள் உடற்குறையைப் பொறுத்து வகுக்கப்படும் பிரிவுகளில் எந்தப் பிரிவில் போட்டியிட்டார்கள் என்று அன்று ஒரு வரிகூட வரவில்லை. சைக்கிளில் சி1 முதல் சி3 வரையுள்ள பிரிவினர் நேரத்தை எதிர்த்து ஓட்டும் ஒரே பந்தயத்தில் (டைம் டிரையல்) கலந்துகொள்ளும்போது, உடற்குறையின் அளவுக்கேற்ப நேரத்தைத் திருத்திக் கணக்கிடுவார்கள். அதை விளக்காவிட்டால், மெதுவாக ஓட்டியவருக்கு இரக்கப்பட்டுத் தங்கம் கொடுத்ததாகத்தானே வாசகர் நினைப்பார்? அந்த வீரருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா?

அடுத்த முறை பெயருக்குப் பக்கத்தில் பிரிவையும் நேரத்தையும் அச்சிடுங்கள். செய்தியை விளையாட்டுப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பிறை, பினாங்கு