தலைப்பிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று மாதத்துக்கு முன் அயனாவரத்துச் சித்தி ஒரு பேப்பர் துண்டை என்னிடம் நீட்டினார். முள்சீத்தா இலைச் சாறு மார்பகப் புற்றுநோய் செல்களை அழித்தது என்ற செய்தி. பர்ஸில் வைத்து வைத்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "உங்க லேப்லயும் இதத்தானே கண்ணு செய்றீங்க?" என்றார். மார்பில் கட்டி தட்டுப்பட்டு அப்போதே நாலு மாதம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், இரண்டு வேளையும் அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், நானும் அதைத்தான் செய்கிறேன். கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஒன்பது வருடமாக டெக்னீஷியன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்கள். 1970களில் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்து, இன்றுவரை உலகமெங்கும் வளர்த்து வருபவை. சாற்றைப் பல அளவுகளில் விட்டு, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும்; செத்துப்போன குழி மஞ்சளாகவே நிற்கும். அந்த மஞ்சளைப் பார்க்கும்போது எனக்கும் மனசு துள்ளத்தான் செய்யும்.

ஆனால் உப்பை அள்ளிப் போட்டாலும் அந்தச் செல்கள் சாகும். நல்ல செல்லை அந்தச் சாறு விட்டுவைக்குமா? குடித்தால் குடலைத் தாண்டி ரத்தத்தில் போதுமான அளவு சேருமா? சமையல் மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் இங்கேதான் சிக்கிக்கொண்டது. தட்டில் நன்றாக வேலை செய்யும். விழுங்கினால் ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம்.

மூலிகை மேல் எனக்கு அவநம்பிக்கை கிடையாது. வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் அதை ஏற்றுகிறார்கள். மருந்தைத் தனியாகப் பிரித்து, அளந்து, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த பிறகு வந்தது அது. செடியை அப்படியே அரைத்துக் குடித்தால் விஷம். வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்ட மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் அபாயம் 5 மடங்குக்கும் மேல் என்று 2017இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

மறுநாளே சித்தியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது சித்தி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாலு மாதம்தான் எனக்கு ஆறவில்லை.

அந்தத் துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. தலைப்பும் முதல் பத்தியும் மட்டும் கத்தரித்தது. கீழே 'தொடர்ச்சி 7ஆம் பக்கம்' என்று இருக்கிறது. ஆய்வகச் சோதனை என்பதை அந்த 7ஆம் பக்கத்தில்தான் எழுதியிருக்க வேண்டும். இனி இப்படி ஒரு செய்தி வந்தால், 'ஆய்வகத் தட்டில்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுங்கள். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா இல்லையா என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

- வாசகி, சென்னை