முரளிக்கு: டிராகன்ஸ் டாக்மா 2 ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

சத்துவாச்சாரி, வேலூர்

டேய் முரளி,

ரெண்டு மாசமா உனக்குப் பதில் போடாம இருந்தது தப்புதான். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்ல, கோயில் வரைக்கும் நடக்கிறாங்க. பாபு கல்யாணம் ஆவணியில. பத்திரிகை உன் ஆம்பூர் விலாசத்துக்கே வரும், மொட்டை மாடி ஆளுங்க எல்லாரும் வரணும்னு சொல்லிட்டான். வெயிலைப் பத்தி எழுத வேணாம், நீயும் அதே வெயில்லதான் வேகுற.

நேத்து ராத்திரி டிராகன்ஸ் டாக்மா 2 கேமை ஆஃபர்ல வாங்கிட்டேன்னு எழுதியிருந்த. வாங்கின அப்புறம்தான் ரிவ்யூ பக்கத்தைப் படிச்சிருக்க. எல்லாரும் இப்படித் திட்டியிருக்காங்களே, காசு போச்சான்னு கேக்குற. எப்பவும் போல பொருளை வாங்கிட்டு அப்புறம் விசாரிக்கிற. காசு போகல. ஆனா அந்தத் திட்டுல எது நிஜம், எது அவசரம்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்காம உள்ள போனா முதல் வாரத்துலயே மூடி வெச்சுடுவ. அதனாலதான் போன்ல பேசாம உக்காந்து எழுதுறேன்.

முதல் கேம் 2012. ரெண்டாவது வருதுன்னு 2022 ஜூன்ல தான் சொன்னாங்க. கேமை இயக்கின இட்சுனோ கோட்டைக் கழட்டி, உள்ள போட்டிருந்த டி-ஷர்ட்ல அந்தப் பேரைக் காட்டினாரே, அன்னிக்கு நீ எனக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்னு ஞாபகம் இருக்கா? 2024 மார்ச் 22 வெளியீடு. பன்னெண்டு வருஷம் காத்திருந்த ஜனம். ஸ்டீம்ங்கிற கேம் கடையில மட்டும் ஒரே நேரத்துல 2,28,000 பேருக்கு மேல ஆடினாங்க, அந்த வாரத்துலயே ரிவ்யூ 'பெரும்பாலும் எதிர்மறை'ன்னு சிவப்புல நின்னுச்சு. ரெண்டுமே உண்மை. பிடிக்காதவன் விட்டுட்டுப் போயிடுவான். அன்னிக்குத் திட்டினவங்க ஆசையா காத்திருந்தவங்க.

திட்டுல முழுக்க நியாயமானது ஒண்ணு: ஊருக்குள்ள கேம் திணறினது. வெர்ன்வர்த்னு தலைநகரம் வரும். காட்டுல நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுற மெஷின் அங்க நுழைஞ்சதும் முப்பது சொச்சத்துக்கு விழுந்துச்சு. நல்ல கிராபிக்ஸ் கார்டு வெச்சிருந்தவனுக்கும் அதே கதி, ஏன்னா இடறினது கார்டு இல்ல, பிராசஸர். அந்த ஊர்ல நடக்குற ஒவ்வொருத்தனும் எங்க நிக்கிறான், யாரைத் தாண்டிப் போறான்னு அந்தந்த நொடியே கணக்குப் போடுது, அதுக்கே பிராசஸர் பெருமளவு செலவாகுதுன்னு கேமைச் செஞ்ச கேப்காமே ஒப்புக்கிட்டாங்க. லாங் பஜார்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஆள் நின்னு ஒவ்வொரு தலையையும் எண்ணிக்கிட்டிருக்கான்னு வெச்சுக்கோ. சிலர் ஊர்க்காரங்களைக் கொன்னு ஆள் எண்ணிக்கையைக் குறைச்சு ஃபிரேம் ஏறுதான்னு பார்த்தாங்க. 70 டாலர் விலைக்கு வித்த கேம் ஒருத்தனை அந்த நிலைக்குத் தள்ளினா, அவன் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். 2024 செப்டம்பர் வரைக்கும் வந்த அப்டேட்ல கொஞ்சம் கொஞ்சமா சீர் பண்ணாங்க. இப்ப நீ ஆடப்போறது அன்னிக்கு இருந்ததைவிட நல்ல நிலைமை. ஆனாலும் ஊருக்குள்ள ஃபிரேம் இறங்கத்தான் செய்யும்.

உன் லேப்டாப் விஷயம். குறைந்தபட்சம் ஐ5-10600 இல்லன்னா ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1070-ன்னு போட்டிருக்காங்க. அது டெஸ்க்டாப் பிராசஸர் கணக்கு. லேப்டாப்ல சூடு ஏறினா அதே பிராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும், நம்ம ஊர் சித்திரை மாசத்துல கேக்கவே வேணாம். அதனால இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணு.

டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைத் திற. ஸ்லாட் ரெண்டுல ஒண்ணுதான் பயன்பாட்டுல இருக்குன்னு காட்டினா, ஒத்தை 16 ஜிபி குச்சியைக் கழட்டிட்டு ஒரே மாதிரி ரெண்டு 8 ஜிபி போடு. பிராசஸருக்குத் தரவு போற பாதை ரெட்டிப்பாகும், இந்த கேம்ல அது கண்ணுக்கே தெரியும். அடுத்து ஃபேன். அடிமூடியைக் கழட்டினா ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி தூசு அடைஞ்சிருக்கும். ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டுத்தான் ஊதணும், விட்டு ஊதினா கண்டபடி சுத்தி பேரிங் போயிடும். மூணு வருஷம் ஆன மெஷின், சூட்டைக் கடத்துற பேஸ்ட்டும் மாத்திடு.

செட்டிங்ஸ்ல வெளிச்சத்தை நிஜம் மாதிரி காட்டுற ரே டிரேசிங்கை அணைச்சிடு, அது கார்டையும் தின்னும், பிராசஸரையும் தின்னும். படத்தைச் சின்னதா வரைஞ்சு பெருசாக்குற டிஎல்எஸ்எஸ் போட்டா ஊருக்குள்ள வேகம் கூடும்னு நினைக்காத. அது கார்டோட சுமையைத்தான் குறைக்கும், அங்க கார்டு ஏற்கனவே சும்மாதான் நிக்குது. நடுவுல ஃபிரேமைத் தானே சேர்க்குற ஃபிரேம் ஜெனரேஷன் பின்னாடி வந்துச்சு, ஆனா டிஎல்எஸ்எஸ்-ல அது 40 சீரிஸுக்கும் அதுக்கு அப்புறம் வந்த கார்டுக்கும்தான், உன் 3060 கார்டுக்கு இல்ல. நீ பண்ண வேண்டியது ஃபிரேமுக்கு ஒரு உச்சவரம்பு கட்டுறது. 60-ஐத் துரத்தாத, 40 போதும். ஏன்னு சொல்றேன். லேப்டாப்ல கார்டுக்கும் பிராசஸருக்கும் பெரும்பாலும் ஒரே செம்புக் குழாய்தான் சூட்டை வெளிய தள்ளுது. காட்டுல கார்டு முழு மூச்சா ஓடிச்சுன்னா, ஊருக்குள்ள நுழையறதுக்குள்ள பிராசஸரும் சேர்ந்து கொதிச்சுப் போயிருக்கும். கார்டை அடக்கி வெச்சா பிராசஸருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பவர் செட்டிங்ஸ்ல பிராசஸரை 99 சதவீதத்துல நிறுத்துற வித்தை மத்த கேமுக்கெல்லாம் சரி, இதுக்கு வேணாம். பிராசஸரோட டர்போ வேகம் நின்னு போச்சுன்னா வெர்ன்வர்த்ல நடக்கவே முடியாது.

அப்புறம் அந்தக் காசு விஷயம். வெளியான அன்னிக்கே ஸ்டீம்ல செத்தவங்களை எழுப்புற வேக்ஸ்டோன், தாவிப் போய் இறங்குற இடத்தைக் குறிக்கிற போர்ட்கிரிஸ்டல், முகத்தை மாத்துற பொருள்னு தனித்தனியா விலை போட்டு வெச்சிருந்தாங்க. முன்கூட்டியே விமர்சனம் வந்தப்ப இந்தப் பட்டியல் நிறைய பேர் கண்ணுல படல. அந்த ஒளிச்சு வெச்ச தோரணைக்கு வந்த கோபம் சரி. ஆனா காசு கட்டினாத்தான் ஊர் விட்டு ஊர் தாவ முடியும்னு பரப்பினாங்களே, அது பொய். போர்ட்கிரிஸ்டல் காசுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கும், மீதி கேமுக்குள்ளயே கிடைக்குது. முகம் மாத்துற பொருளை வெர்ன்வர்த்ல பான்ங்கிற கூட்டாளிகளோட கில்டுல, கேம் காசான ரிஃப்ட் கிரிஸ்டல் 500 கொடுத்து வாங்கலாம். எதுக்கும் ஒரு ரூபா கொடுக்காத, தேவையே இல்ல.

இனிமே சொல்றதுதான் எனக்கு முக்கியம். வேகமாப் போக வழியில்ல, நடந்தே சாகுறோம்னு நிறைய பேர் அலுத்துக்கிட்டாங்க. இதுல மட்டும் நான் திட்டினவங்க பக்கம் இல்ல. பயணம் போரடிக்குதுன்னா அந்த கேமே போரடிக்குதுன்னுதான் அர்த்தம்னு இட்சுனோ வெளியீட்டுக்கு முன்னாடியே சொன்னார், அதை நம்பித்தான் முழு கேமையும் கட்டியிருக்கார். ஃபெர்ரிஸ்டோன்ங்கிற கல்லு ஒண்ணை உடைச்சா போர்ட்கிரிஸ்டல் இருக்குற இடத்துக்கு ஒரு தாவல், அவ்வளவுதான், அதோட விலை 10,000 பொன். அதனால நீ நடப்ப. இல்லன்னா மெல்வே கிராமத்துல மாட்டுவண்டி ஏறுவ. பெஞ்சுல உக்காந்து கண்ணை மூடினா தூங்கிடலாம். பாதி வழியில கோப்ளின் கூட்டம் வளைச்சு எழுப்பும், இல்லன்னா கிரிஃபின்ங்கிற பறக்குற மிருகம் இறங்கி வண்டியையே நொறுக்கிட்டுப் போகும். மீதி தூரம் நடைதான். அதே கிரிஃபின் முதுகுல தொத்திக்கிட்டா உன்னைத் தூக்கிட்டுப் பறந்து, நீ பார்த்தே இராத மலை உச்சியில அது கூட்டுல கொண்டு போய் விடும். யாரும் எழுதி வெச்ச காட்சி இல்ல இது. சீக்கிரம் போற வழி இருந்திருந்தா இதுல ஒண்ணும் நடந்திருக்காது.

நடக்கும்போது ஒண்ணு கவனி. அடி வாங்க வாங்க உயிர்க்கோடு மட்டும் குறையாது, அதோட உச்சமே குறைஞ்சுக்கிட்டு வரும், அந்தப் பகுதி சாம்பல் நிறத்துல தெரியும். மந்திரம் போட்டா அது திரும்பாது. சத்திரத்துல தூங்கணும், இல்ல கூடாரம் அடிக்கணும். கூடாரம் அடிக்கிறதுக்கு முன்னாடி சுத்திலும் இருக்கிறதை எல்லாம் அடிச்சுத் தீர்த்துடு. ராத்திரி தாக்குதல் வந்தா கூடாரச் சாமானே உடைஞ்சு போகும், அது கனமான பொருள், ரெண்டு தூக்கிட்டுத் திரிய முடியாது. சுமை கூடினா சீக்கிரம் மூச்சு வாங்கும், ஓடவும் முடியாது. பெரிய உடம்பா உருவாக்கினா அதிகம் தூக்கலாம், நீ ஒல்லியா அழகா செஞ்சு வெச்சுட்டு அப்புறம் என்கிட்ட புலம்பாத.

கூடாரத்துல கறி சுடுற காட்சி ஒண்ணு வரும். அது கணினியில வரைஞ்சது இல்ல, நிஜக் கறியை நிஜமாவே படம் பிடிச்சது. இரும்புக் கல்லுல கொழுப்பு உருகி ஓரம் சுருங்கி, திருப்பிப் போட்டதும் பொரியுற சத்தம் தனியா கேக்கும். ஆம்பூர்க்காரன் உனக்கு அது பிடிக்காம போகாது. வேட்டையாடின கறியை ரொம்ப நாள் பையில வெச்சுக்காத, கெட்டுப் போயிடும்.

இதை விளையாட்டா எடுத்துக்காம படி. டிராகன்ஸ்பிளேக்னு ஒரு நோய் இருக்கு. நீ உருவாக்குற பான் ஒருத்தன், மத்த ஆட்டக்காரங்ககிட்ட இருந்து கூலிக்கு எடுக்குற பான் ரெண்டு பேர். இவங்களுக்கு அந்த நோய் ஒட்டும். முதல்ல தலையைப் பிடிச்சுக்குவான், அப்புறம் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டான், கண்ணு சிவப்பா எரியும். அதைக் கண்டுக்காம ஊருக்குள்ள சத்திரத்துல படுத்தா, விடியும்போது அந்த ஊரே பிணமா கிடக்கும். கடைக்காரன், வேலை கொடுத்தவன், பழகினவன் எல்லாரும். ஆரம்பத்துல இதுக்குத்தான் கொந்தளிச்சாங்க. ஒரு மாசம் கழிச்சு நோய் வர்றதைக் குறைச்சு, அறிகுறி இன்னும் பளிச்சுன்னு தெரியுற மாதிரி மாத்தினாங்க. இருந்தாலும் சத்திரத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மூணு பேர் கண்ணையும் பாரு. கூலி பானுக்கு வந்திருந்தா உடனே அனுப்பிடு. உன்னோட பானுக்கு வந்திருந்தா ஆழத் தண்ணியில தூக்கிப் போடு, தண்ணிக்குள்ள இருக்கிற பிரைன்ங்கிற ஜந்து அவனை இழுத்துக்கும். பானைக் கூப்பிடுற ரிஃப்ட் கல்லுல கூப்பிட்டா நோய் இல்லாம வருவான். செத்தவங்களைப் பிணக்கிடங்குல வேக்ஸ்டோன் வெச்சு ஒவ்வொருத்தரா எழுப்பலாம். ஒரு ஊரையே எழுப்ப எத்தனை கல்லு வேணும்னு நீயே கணக்குப் போடு.

இதோட சேர்த்து யோசி, கேம்ல சேவ் ஒண்ணே ஒண்ணுதான். கடைசி சேவ்ல இருந்தோ, கடைசியா சத்திரத்துல தங்கின இடத்துல இருந்தோ திரும்ப ஆரம்பிக்கலாம். தூங்கினதாலயே அழிவு வந்திருந்தா அந்த ரெண்டாவது வழியும் கை கொடுக்காது. வெளியான வாரத்துல புதுசா ஆரம்பிக்கக்கூட மெனுவுல வழியில்ல, ஃபைலைத் தேடி அழிச்சாங்க. அதைச் சில நாள்லயே சரி பண்ணிட்டாங்க. ஆனா ஒத்தை சேவ் அப்படியேதான் இருக்கு. உன் லேப்டாப் பேட்டரி செத்துப் போய் நேரா கரண்ட்ல ஓடுது, சேவ் ஆகுற நொடியில கரண்ட் போச்சுன்னா ஃபைல் உடையும். முதல்ல பேட்டரியை மாத்து. அப்புறம் கேமை மூடிட்டு, ஸ்டீம்ல இந்த கேமுக்கு மட்டும் கிளவுட் சேவை அணைச்சிடு, இல்லன்னா நீ திரும்ப வெச்ச ஃபைல் மேல பழசை எழுதிடும். ஸ்டீம் ஃபோல்டருக்குள்ள யூசர்டேட்டா, அதுக்குள்ள உன் எண், அதுக்குள்ள 2054970, அதுல ரிமோட். அங்க இருக்குற சேவ் ஃபோல்டரை முழுசா காப்பி எடுத்து, தேதி போட்டு வேற இடத்துல வை. வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஊருக்குள்ள தூங்கப் போற அன்னிக்குக் கட்டாயம்.

இன்னொண்ணு. உலகம் முழுக்க ஒளிஞ்சு கிடக்குற சீக்கர்ஸ் டோக்கன்ங்கிற காசுல முதலாவது கையில கிடைச்சதும் மேப்பை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோ. பின்னாடி ஸ்பிங்க்ஸ் விடுகதை போடும்போது அந்த இடத்துக்கு நீ திரும்பப் போக வேண்டி வரும். நினைவுல இல்லாம காடு மேடெல்லாம் தேடி அலைஞ்சவங்க எக்கச்சக்கம்.

குறை இல்லாத கேம்னு சொல்ல வரல. எதிரிங்க வகை குறைவு, முப்பது மணி நேரம் ஆனப்புறமும் அதே கோப்ளின், அதே ஓநாய், அதே பல்லி மனுஷன். அரண்மனைக் கதை தொடங்குற வேகத்துல பாதியில கரைஞ்சு போகுது. முதல் கேம் ஆடின உனக்கு இது இன்னும் உறுத்தும்.

கேப்காம்ல 30 வருஷத்துக்கும் மேல வேலை பார்த்த இட்சுனோ, இது வெளியாகி அஞ்சே மாசத்துல, 2024 ஆகஸ்ட் கடைசியில வெளிய வந்துட்டார். அன்னிக்கு மனசு கனத்துப் போச்சுடா. பன்னெண்டு வருஷம் ஒருத்தர் மனசுல வெச்சிருந்த உலகம் இது, இன்னொருத்தர் கையில இப்படியே வரும்னு எனக்குத் தோணல. அதனாலதான் நீ இதை அவசரமா ஆடி மூடிடக் கூடாதுன்னு இவ்வளவு எழுதுறேன்.

கேமைத் திறந்ததும் டைட்டில் ஸ்கிரீனைப் பாரு. வெறும் டிராகன்ஸ் டாக்மான்னுதான் இருக்கும், 2-ங்கிற எண் இருக்காது. அது எங்க, எப்ப வருதுன்னு யார்கிட்டயும் கேக்காத, எங்கயும் தேடாத. வந்த அன்னிக்கு ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

உன்
கணேசன்