இலியானா இளையாள் இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம். போன இதழ்ல குழந்தைகளுக்கு பேரு வைக்கிற பக்கத்துல "இலியானா: இளையாள் என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு"ன்னு போட்டிருந்தீங்க. அதை படிச்சுட்டு எங்க நாத்தனார் வீட்ல பேத்திக்கு அதையே முடிவு பண்ணிட்டாங்க. நல்ல பேருதான், வைக்கட்டும், ஆனா அர்த்தம் தப்பு சார். ஓசை ஒத்துப்போனா உடனே தமிழ்னு எழுதிடறதா?

அது ருமேனியாப் பேரு. கிரேக்கத்து ஹெலெனேதான் அங்க எலேனாவாவும் இலியானாவாவும் வழங்குது. மூலப் பேருக்கு தீப்பந்தம்னு ஒரு கட்சி, நிலான்னு இன்னொரு கட்சி, பண்டிதருங்க சண்டை இன்னும் ஓயல. ஆனா அந்த ஊர்க்காரங்க இலியானான்னு கேட்டா டிக்‌ஷனரியவா புரட்டுவாங்க, அவங்களுக்கு பாட்டி சொன்ன கதைல வர்ற இலியானா கொஸின்சியானாதான் ஞாபகம் வரும். அவ அழகுல அவள மிஞ்ச ஆள் கிடையாது, ஸ்மேவுன்னு ஒரு அரக்கன் தூக்கிட்டுப் போவான், ஃபட் ஃப்ருமோஸ்னு ஒரு வீரன் போய் மீட்டுட்டு வருவான், கதை என்னவோ நமக்கும் பழகினதுதான். ஆனா அவளப் பத்தி ஒரு வரி சொல்வாங்க பாருங்க, அவ பின்னல்ல இருக்கிற பூ பாடுமாம், ஒன்பது ராஜ்யமும் கேக்குமாம்! தலைல இருக்கிற பூ மணக்கும்னு தெரியும், பாடும்னு நான் வேற எங்கயும் கேட்டதில்ல.

கொஸின்சியானாங்கிற அந்த ரெண்டாவது பேரையும் சின்சியானா பூவோட சேர்த்துச் சொல்றாங்க. பொடிப்பொடியா மஞ்சளா பூக்கிற காட்டுப்பூ. ஜூன் 24 அதுக்கு பண்டிகை, பொண்ணுங்க அதை வளையமா கட்டி வீட்டுக் கூரை மேல வீசுவாங்க, வளையம் கீழ விழாம மேலயே தங்கிட்டா சீக்கிரம் கல்யாணம்னு நம்பிக்கை. சின்சியானான்னே பொண்ணுங்களுக்கு தனியா பேரும் வைக்கிறாங்க.

நெஜத்துலயும் ஒரு இளவரசி இலியானா இருந்தாங்க. 1909ல புக்காரெஸ்ட்ல பொறந்தவங்க, ருமேனியா ராஜா ஃபெர்டினாண்டோட கடைசிப் பொண்ணு (உங்க "இளையாள்" இந்த ஒரு இடத்துல மட்டும் பொருந்துது சார்). யுத்த சமயத்துல, 1944ல, அந்த நாட்டு ப்ரான்ங்கிற ஊர்ல ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு காயம்பட்டவங்கள பாத்துக்கிட்டாங்க. 1947 கடைசில மன்னராட்சி போச்சு, அடுத்த மாசமே நாட்ட விட்டு வெளியேற வேண்டியதாச்சு. அப்புறம் அமெரிக்கா போய் கன்னியாஸ்திரி ஆகி, பென்சில்வேனியாவுல ஒரு மடத்தையே ஆரம்பிச்சு, 1991ல இறந்தாங்க.

அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டா நல்லாருக்கும். இங்க குழந்தைக்கு தொட்டில் போட்டு பேரு வச்சாச்சு, ஆனா கொள்ளுப்பாட்டிக்கு வாயில நுழையாததால "இலஞ்சியம்"னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரு வாசகி, திருச்சி