ஜான் லப்பக்கை ஒரு முழுப் பாடமாக எழுதுங்கள்: அறிவியல் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லப்பக் (1834–1913) வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், தொல்லியலாளர், எறும்பு ஆராய்ச்சியாளர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்ற பிரிவை 1865-இல் வகுத்துத் தந்தவர் அவர்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1863-இல், ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியை நம் பிள்ளைகள் அந்தப் பிரிவின் கீழ்தான் படிக்கிறார்கள். இவரைப் பெட்டிச் செய்தியாகப் போட்டு முடித்துவிடாதீர்கள். "அறிவியல் முறை" பற்றி ஒரு பக்கம் விளக்குவதைவிட, இவர் செய்த ஒரு சோதனையைப் படிப்படியாகக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விளங்கிவிடும்.

அவர் எறும்பு வளர்த்த விதத்திலிருந்தே தொடங்கலாம். சுமார் 10 அங்குலச் சதுரத்தில் இரண்டு சாதாரணச் சன்னல் கண்ணாடிகள், நடுவே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை இடைவெளி, ஓரத்தில் மரச்சட்டம், உள்ளே நைசான மண். இடைவெளி கூடினால் எறும்பு மண்ணுக்குள் மறைந்துவிடும், நடப்பதைப் பார்க்க முடியாது. இப்படிக் கண்ணெதிரே வளர்த்ததால்தான், ஒரு ராணி எறும்பு ஏறக்குறைய 15 ஆண்டு உயிர் வாழும் என்பதை அவரால் காட்ட முடிந்தது.

வெளிச்சம் பட்டால் எறும்புகள் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு இருட்டுப் பக்கம் ஓடும். கூட்டின் மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா நிறக் கண்ணாடித் துண்டுகளை வைத்து, எதன் அடியில் எத்தனை எறும்பு சேர்கிறது என்று எண்ணினார். முக்கியமான படி இதற்குப் பிறகு வருகிறது: துண்டுகளை இடம் மாற்றி மாற்றி வைத்துத் திரும்பத் திரும்ப எண்ணினார். மாற்றாமல் விட்டிருந்தால், எறும்பு நிறத்தைத் தேடிப் போனதா, பழகிய மூலைக்குப் போனதா என்று சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தபோது சிவப்பின் அடியில் 890, பச்சை 544, மஞ்சள் 495, ஊதாவின் அடியில் வெறும் 5. நம் கண்ணுக்கு ஊதாக் கண்ணாடி மஞ்சளைவிட இருட்டு. எறும்புக்கோ அது பளிச்சென்ற வெளிச்சம். பிறகு கார்பன் டைசல்பைடு என்ற நிறமற்ற திரவத்தை வைத்துப் பார்த்தார். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டுப் புற ஊதாவை மட்டும் தடுக்கும். நமக்குத் தெளிவாகத் தெரியும் அந்தத் திரவத்தின் நிழலை எறும்புகள் இருட்டாக எடுத்துக்கொண்டன. நாம் காணாத ஒளியை எறும்பு காண்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது.

இதை எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். 890 என்பது 890 தனித்தனி எறும்புகள் அல்ல; அதே கூட்டின் எறும்புகளைப் பலமுறை எண்ணிய கூட்டுத்தொகை. ஓர் எறும்பு போன இடத்துக்கே மற்றவையும் போகும். எனவே வேறு கூடுகளிலும் செய்து பார்த்தால்தான் எண்ணிக்கைக்கு மதிப்பு.

வகுப்பறையில் கார்பன் டைசல்பைடு கூடவே கூடாது; நச்சு, சட்டென்று தீப்பற்றும். அதற்குப் பதிலாகப் பாலிகார்பனேட் தகடும் மெல்லிய பாலித்தீன் தாளும் போதும். இரண்டும் பார்வைக்குத் தெளிவானவை; தகடு புற ஊதாவைத் தடுக்கும், தாள் பெரும்பாலும் விட்டுவிடும். எல்.இ.டி. விளக்கடியில் செய்தால் ஒன்றும் நடக்காது, சாதாரண எல்.இ.டி. ஒளியில் புற ஊதா இல்லை. நேர் வெயிலிலும் வேண்டாம். சூடேறினால் எறும்பு வெப்பத்தால் நகரும், ஒளியால் அல்ல. வானம் நன்றாகத் தெரியும் திறந்தவெளி நிழல் சரியான இடம். கூட்டில் கூட்டுப்புழுக்கள் இருக்கும் சமயத்தில் செய்யுங்கள்.

இந்த மனிதர் கல்லூரிப் படியே ஏறாதவர் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். பதின்மூன்று பதினான்கு வயதைக் கடந்ததும் ஈட்டன் பள்ளியை விட்டுத் தந்தையின் வங்கியில் சேர்ந்தார். அக்கம்பக்கத்தில் குடியிருந்த டார்வின்தான் அவருக்கு ஆசான்.

அந்த வங்கி அனுபவம் 1871-இன் வங்கி விடுமுறைச் சட்டத்தில் தெரிகிறது. எல்லாக் கடைகளையும் மூடு என்று அது சொல்லவில்லை. வங்கி மூடியிருக்கும் நாளில் கெடு முடியும் உண்டியல்களுக்கு (குறித்த நாளில் பணம் தர வேண்டிய வணிகச் சீட்டுகளுக்கு) மறுநாள் பணம் கட்டினால் போதும் என்றது. பணம் நகராத நாளில் வியாபாரம் தானாக ஓய்ந்தது.

தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இவ்வளவு எளிதில் வழி பிறக்கவில்லை. 1873-இல் கொண்டுவந்த மசோதா, தனியார் நிலத்தில் அரசு கைவைக்கிறது என்ற எதிர்ப்பில் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 1882-இல் நிறைவேறியபோது பட்டியலில் 68 சின்னங்கள் இருந்தன. ஆனால் நில உரிமையாளர் தாமாக ஒப்படைத்தால்தான் அரசுக் காவல். கற்காலக் கல்வட்டம் நிற்கும் ஏவ்பரி என்ற ஊரில் வீட்டுமனையாக மாறவிருந்த நிலத்தை அவர் தம் பணத்திலேயே வாங்கிக் காத்தார். பாதி வெற்றி என்றே இதை எழுதுங்கள், மெருகேற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தம் காலத்துப் பழங்குடி மக்களைக் கற்கால மனிதரின் எச்சமாகவே லப்பக் பார்த்தார். அந்தப் பார்வை தவறு. இன்று வாழும் எந்தச் சமூகமும் பழங்காலத்தில் உறைந்து நிற்பதில்லை. கற்காலப் பிரிவைச் சொல்லும் அதே பக்கத்திலேயே இதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் வரலாறு கற்பிப்போர் சிலர்