பாடகர் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸ்அப்பில் வரும்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனை, பெரிய வெள்ளிப் பாடல்கள், கல்யாண வீடுகள் எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு தேவைப்பட்டபோது கூடியது.

இவ்வாண்டின் பெரிய வேலை கோடைக் கச்சேரிதான். மே மாதத்தில் வைக்காமல் ஜூன் கடைசிக்கு ஏன் தள்ளினீர்கள் என்று சிலர் இன்னமும் கேட்கிறார்கள். நம் பாளையங்கோட்டை அக்னி நட்சத்திரத்தில், ஃபேன் மட்டுமே உள்ள மண்டபத்தில், கீபோர்டு இல்லாமல் நாலு பார்ட் (பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ; ஆண்களின் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ்) பாடினால் சுருதி நிற்காது. உடம்பு சோர்ந்தால் மூச்சு குறையும். ஒவ்வொரு வரியின் கடைசி நோட்டும் தொய்யும். சோப்ரானோ தொய்ந்தால் மற்ற மூன்று பார்ட்டும் கூடவே இறங்கும். ஃபேனை வேகமாக வைத்தாலோ தாள் பறக்கும், மெல்லப் பாடும் இடங்கள் அதன் இரைச்சலில் அமுங்கிப்போகும்.

ஜூனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் 1896-ல் அமைத்த 'கிங் ஓலாஃப்' காண்டாட்டாவின் (பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேரும் நீண்ட பாடல் படைப்பு) முடிவில் 'ஆஸ் டாரன்ட்ஸ் இன் சம்மர்' வருகிறது. வரிகள் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவுடையவை. கோடையில் பாதி வற்றிய ஓடை, மேலே மேகமே இல்லாதபோது திடீரெனப் பெருகுகிறது. மழை பெய்தது எங்கோ தொலைவில், ஊற்றுக்கண்ணில். மலைமேல் மழை கொட்டி, கீழே வெயில் காயும்போதே குற்றால அருவியில் தண்ணீர் பாய்வதைப் பார்த்த சனத்துக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சீசன் நேரத்தில் பாடாமல் வேறு எப்போது பாடுவது?

அடுத்து, சோல்ஃபா தாள்கள், அதாவது டோ, ரே, மீ எழுத்துகளில் பாட்டை எழுதிய தாள்கள். வீண் வேலை என்று பேசப்பட்டதால் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டின் 'தி புளூ பேர்ட்' (1910) பாட்டு ஜி ஃபிளாட் மேஜர் என்ற கட்டையில் உள்ளது. வரித் தொடக்கத்தில் ஆறு ஃபிளாட்டை (சுரத்தை அரைக் கட்டை இறக்கும் குறி) பார்த்ததுமே பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கர்வென் பரப்பிய இந்தச் சோல்ஃபா முறையில் எந்தக் கட்டையானாலும் 'டோ' டோதான். எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் கோடுகளும் போதும் என்பதால் சாதாரணக் கணினியில் தட்டி, ஜெராக்ஸ் எடுத்துவிடலாம். ஆனால் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டால் அந்த வரி முழுவதும் ஒரு அடி தள்ளிப்போகும். ஆகவே ஒவ்வொரு பார்ட்டையும் தனியே தட்டிப் பாடிப் பார்த்த பிறகே நாலையும் ஒரே பக்கத்தில் சேர்த்தோம். பக்கம் புரட்டுவது மெல்லப் பாடும் இடத்தில் விழாதபடியும் பிரித்தோம். அந்தப் பாட்டில் ஆல்டோ இரண்டாகப் பிரிகிறது; ஆல்டோ அக்காமார் அதை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பிடிக்காதது டெனர். பிடிக்க ஆள் வந்தால்தானே! புதன்கிழமைப் பயிற்சிக்கு வராமல் கச்சேரிக்கு மட்டும் வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கும் டெனர் அண்ணாச்சிமார் யார் என்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, நான் சொல்லப்போவதில்லை. இரண்டு ஆல்டோக்களை டெனருக்கு மாற்றினோம். நடு 'சி'க்குக் கீழே உள்ள 'எஃப்'புக்கும் கீழே இறங்கினால் அவர்கள் குரல் முன்வரிசைக்கே எட்டாது. எல்கர் முடிந்ததும் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தால், அரைக் கட்டை இறங்கியிருந்தது. நடுப் பார்ட் மெலிந்தால் மேலும் கீழும் ஒன்றையொன்று கேட்டு நிற்க முடியாது.

கச்சேரியைத் தூக்கி நிறுத்தியது 'சுமெர் இஸ் இகுமென் இன்' என்ற பழைய ஆங்கிலக் கோடைப் பாட்டு. 13-ஆம் நூற்றாண்டு, ரெடிங் மடத்துக் கையெழுத்துப் பிரதி. நாலு குழுவுக்கும் ஒரே மெட்டு. முதல் குழு சிலுவைக் குறியை எட்டும்போது அடுத்த குழு தொடக்கத்திலிருந்து எடுக்கும். அடியில் இரண்டு பேஸ் குரல்கள் திரும்பத் திரும்ப ஒரே சிறு துண்டைப் பாடும். எல்லாப் பார்ட்டையும் கலந்து குழு பிரித்ததால் யார் வரவில்லை என்பது வெளியே தெரியவில்லை. அடுத்த ஆண்டு முழுக் கச்சேரியையும் இப்படி நடத்த முடியாது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக உள்ளன. ஜெராக்ஸ், மண்டப வாடகை, டீ, வடை ஆகியவை போக மீதி பொருளாளரிடம் உள்ளது. விவரம் அவரே சொல்வார். சந்தா பாக்கி முழுதும் வந்திருந்தால் 'மீதி' என்ற சொல்லைக் கொஞ்சம் சத்தமாகவே வாசித்திருப்பேன்.

மண்டபம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. சோல்ஃபா கோப்புகள் முழுவதையும் அவரிடம் ஒப்படைக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் அடுத்த புதன் மாலை ஆறரைக்குப் பயிற்சி தொடங்கும். டெனர் நாற்காலிகள் முன்வரிசையில் போடப்படும். சந்தா ரசீதுப் புத்தகம் வாசலிலேயே இருக்கும்.