எங்கே அளந்த குதிரைத்திறன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய பந்தய மோட்டார் சைக்கிள்கள் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை. கடைசியில் போட்டிருந்த பட்டியலைப் பார்த்ததும்தான் பேனாவை எடுத்தேன். நார்ட்டன் மேங்க்ஸ், ஆறு சிலிண்டர் ஹோண்டா, நம் ராஜ்தூத் 350, போன வருடம் வந்த ஒரு வண்டி எல்லாவற்றுக்கும் எதிரே குதிரைத்திறன் என்று ஆளுக்கோர் எண். எங்கே, எதை வைத்து அளந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர் நெல்லாகவும் இன்னொருவர் அரிசியாகவும் நிறுத்துவிட்டு யாருடைய விளைச்சல் அதிகம் என்று கேட்டால் எப்படி?

பொறியியல் கல்லூரி ஒன்றின் எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்களிடம் இருந்தது தண்ணீரால் பிரேக் போட்டு எஞ்சினின் சக்தியை அளக்கும் பழைய டைனமோமீட்டர். எஞ்சினின் தண்டை அதனுடன் பூட்டி, மதகுச் சக்கரத்தைத் திருகித் திருகிச் சுமையேற்ற வேண்டும். தராசு முள் ஆட்டம் அடங்கும்வரை பொறுத்திருந்து எடையைக் குறித்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கி, கருவியின் தகட்டில் பொறித்திருக்கும் மாறிலியால் வகுத்தால் குதிரைத்திறன் வரும். அதாவது, கருவி காட்டுவது முறுக்குவிசையும் (தண்டைத் திருகும் பலம்) வேகமும்தான். குதிரைத்திறன் நாம் போடும் கணக்கு.

இன்று ஊருக்கு ஊர் வந்திருப்பது உருளை டைனோ (டைனமோமீட்டரின் சுருக்கப் பெயர்). கனமான இரும்பு உருளையின் மேல் பின்சக்கரத்தை ஏற்றி ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினால், உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து கணினி எண்ணைச் சொல்லிவிடும். நல்ல கருவிதான். ஆனால் எஞ்சினுக்கும் உருளைக்கும் நடுவே கியர்பாக்ஸ், செயின், டயர் என்று மூன்று பேர் கப்பம் வாங்குகிறார்கள். பத்து முதல் பதினைந்து சதவீதம் அங்கேயே போய்விடும். டயரில் காற்று குறைந்திருந்தாலும், வண்டியைக் கட்டும் பட்டையை அதிகமாக இறுக்கினாலும் எண் இன்னும் இறங்கும். ராஜ்தூத் 350-க்கு நீங்கள் போட்டிருக்கும் 30.5 (பின்னால் வந்த ‘லோ டார்க்’ வண்டிக்கு 27) எஞ்சின் தண்டில் சொல்லப்பட்டது. அந்த 30.5 வண்டியை உருளையில் ஏற்றி 26 வந்தால் அது ஆரோக்கியமான எஞ்சின். சிலிண்டரைக் கழற்ற வேண்டும் என்று ஸ்பேனரோடு கிளம்புகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஜெர்மானியக் குதிரைத்திறன் 735.5 வாட், பிரிட்டிஷ் குதிரைத்திறன் 746 வாட் என்பது சில்லறை வித்தியாசம், விட்டுவிடலாம். வெயிலை அப்படி விட முடியாது. மே மாத மதியத்தில் காற்று லேசாகி எஞ்சின் நிஜமாகவே இளைக்கிறது. அதைக் குளிர்ந்த நாளின் கணக்குக்குத் திருத்தித்தான் பெரும்பாலும் அச்சிட்டுத் தருகிறார்கள். திருத்தியதா, திருத்தாததா என்று கேட்காமல் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

டூ ஸ்ட்ரோக் பந்தய எஞ்சின் என்றால் தகராறு இன்னும் பெரிது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பொறியாளர் வால்டர் காடன் 1961-இல் 125 சி.சி. எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார், அதாவது லிட்டருக்கு 200. அதன் ரகசியங்களில் ஒன்று, வயிறு பருத்த அந்தப் புகைக்குழாய். உள்ளே ஓடித் திரும்பி, வெளியே நழுவும் எரிபொருள் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும் அழுத்த அலையின் வேகம் வாயுவின் சூட்டைப் பொறுத்தது. சில விநாடிகளில் முடிகிற உருளைச் சோதனையில் குழாய் முழுதாகச் சூடேறாது. தண்ணீர் டைனமோமீட்டரில் நிறுத்தி வைத்து இழுத்தால் குழாய் நன்றாகக் கொதித்து, உச்ச சக்தி வரும் வேகமே மேலே நகர்ந்துவிடும். ஒரே எஞ்சினுக்கு இரண்டு எண்கள், இரண்டும் உண்மை!

உங்கள் பட்டியலில் அந்த ஆறு சிலிண்டர் ஹோண்டா (250 சி.சி. ஆர்.சி.166) சுமார் 60, 500 சி.சி. மேங்க்ஸ் சுமார் 50. சரி. ஆனால் ஹோண்டா அந்த அறுபதைத் தருவது நிமிடத்துக்கு 18,000 சுற்றில், மேங்க்ஸ் தன் ஐம்பதைத் தருவது 7,000 சுற்றை ஒட்டி. கணக்குப் போட்டால் அந்த வேகங்களில் மேங்க்ஸின் முறுக்குவிசை ஹோண்டாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். போதாததற்கு, ஹோண்டா நன்றாக இழுப்பது உச்ச சுற்றை ஒட்டிய குறுகிய வீச்சில் மட்டும். அதனால்தான் மேங்க்ஸுக்கு நான்கு கியர் போதும், பந்தய வீரர் மைக் ஹெய்ல்வுட் 1966, 67 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் வென்ற ஹோண்டாவுக்கு ஏழு கியர் வேண்டியிருந்தது. எண்ணின் பக்கத்தில் சுற்று வேகத்தைப் போட்டிருந்தால் வாசகருக்கே இது விளங்கியிருக்கும்.

பட்டியலில் இத்தாலிய நிறுவனம் மோட்டோ குஸ்ஸியின் ஒற்றைச் சிலிண்டர் 350 சி.சி. வண்டியைக் காணவில்லை. 40-ஐக்கூடத் தொடாத எண் என்பதால் விட்டுவிட்டீர்களோ என்னவோ. 1953 முதல் 1957 வரை ஐந்து ஆண்டும் 350 சி.சி. உலகப் பட்டம் அந்த வண்டிக்குத்தான், நான்கு சிலிண்டர் வண்டிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி. குஸ்ஸி, மாண்டெல்லோ தொழிற்சாலையில் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் (வண்டியின் மேல் காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் கூடம்) கட்டி, காற்றை விலக்க வண்டியின் முன்னால் மாட்டும் முகக்கூட்டை அதில் வைத்துச் செதுக்கியது. எடையையும் கிராம் கிராமாகக் குறைத்தது. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தியவனுக்கு டைனோ தாள் ஏது?

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போட்டால் தண்டிலா பின்சக்கரத்திலா, எத்தனை சுற்றில், நிறுவனம் சொன்னதா யாராவது அளந்ததா என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். குஸ்ஸியின் படத்தை மட்டும் குறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
பீளமேடு, கோவை.